புலிக்கு முன்னே மான்

கச்சிராயபாளையத்தில் பேருந்து ஏறி வெள்ளிமலைக்குப் போகிறவர்கள், கோமுகி அணைப் பக்கத்தைக் கடந்ததும் சன்னல் ஓரம் நகர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு காடுதான். முதல்முறை வரும் பிள்ளைகள் யாராயிருந்தாலும் கேட்பது ஒரே கேள்வி: "இங்க புலி இருக்கா?" பக்கத்தில் இருக்கும் பெரியவர் சொல்வதும் பெரும்பாலும் ஒரே பதில்: "அந்தக் காலத்துல இருந்துச்சு."

அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் இருந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? காடு இன்னும் நின்றுகொண்டிருக்கும்போது புலி மட்டும் எப்படிப் போனது? நாட்டில் வேறு இடங்களில் புலியைக் கொண்டுவந்து விடுகிறார்களே, கல்வராயனிலும் விடலாமா?

கல்வராயன் சின்ன மலை அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களை முதன்மையாகக் கொண்டு, ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. வடக்கே சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன் 4,000 அடி. அடிவாரத்தில் முட்புதர், நடுவில் இலையுதிர் காடு, உச்சியில் ஆங்காங்கே சோலை. மேலே ஊர் ஊராக மலையாளிப் பழங்குடி மக்கள். பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், புலிக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கல்லும் பாட்டும் கணக்கேடும்

கல்வராயனுக்கு வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். அங்கே கிடைத்த நடுகற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. அவற்றில் பல பல்லவர் காலத்தவை. ஆநிரைச் சண்டையில் மாண்டவர்களுக்கு எடுத்த கற்களே அவற்றில் மிகுதி. தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களிலும் கொங்கு நாட்டிலும் இன்னொரு வகைக் கல் உண்டு. பின்னங்காலில் எழுந்து பாயும் புலியின் உடலில் ஒருவன் ஈட்டியையோ வாளையோ இறக்கிக்கொண்டிருப்பான். புலிக்குத்திக் கல் என்பார்கள்.

இலக்கியமும் இதே நிலத்தைப் பேசுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன், செங்கத்தை ஊராகக் கொண்டவன். அவனுடைய நவிரமலையை இன்றைய பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்தப் பாட்டில் வரும் மலையின் ஓசைகளுள், புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் காயம் ஆற மனைவி பாடும் பாட்டும் ஒன்று. கல்வராயனுக்குத் தென்மேற்கே கொல்லிமலை. அதன் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில், ஓர் அம்பு வரிசையாக யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஐந்தையும் துளைக்கிறது. ஒரே அம்பு ஐந்தைக் கொல்லாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஐந்தும் ஒரே மலைச்சரிவில் நிற்பது அவர்களுக்கு வியப்பாக இருந்திருக்காது. பாட்டின் மிகை வில்லாளியின் திறமையில்தான் இருக்கிறது, விலங்குப் பட்டியலில் இல்லை.

இந்தச் சான்றுகளைக் கவனமாகக் கையாள வேண்டும். புலிக்குத்திக் கல் எங்கே நிற்கும்? மனிதன் மாடு மேய்த்த இடத்தில். ஆளே போகாத அடர்காட்டில் நூறு புலி இருந்தாலும் அங்கே கல் நடுவார் இல்லை. ஆகவே கற்கள் மிகுந்த இடத்தில் புலி மிகுதி என்று கணக்குப் போட முடியாது. புலியும் மாடும் மனிதனும் உரசிக்கொண்ட எல்லை எது என்றுதான் அவை காட்டும். பாட்டும் அப்படியே. எந்த விலங்கு இருந்தது என்று சொல்லும். எத்தனை இருந்தது என்று சொல்லாது.

எண்ணிக்கை கிடைப்பது பிரிட்டிஷ் ஆட்சியில். அதுவும் உயிரோடிருந்தவற்றின் எண்ணிக்கை அல்ல, கொன்றவற்றின் எண்ணிக்கை. புலி, சிறுத்தை, ஓநாய் ஆகியவற்றைக் கொன்று கொண்டுவந்தால் அரசு வெகுமதி கொடுத்தது. வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் அந்தக் கணக்கேடுகளைக் கூட்டிப் பார்த்தார். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000-க்கு மேல் புலிகளும், 1,50,000-க்கு மேல் சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன. ஒன்றை நினைத்துப் பாருங்கள்: 2022 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் உயிரோடிருந்த புலிகள் ஏறத்தாழ 3,682. வெகுமதிக் கணக்கில் ஏறிய எண்ணிக்கை அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல்.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வது எளிது. எந்தப் பழைய நிலைக்கு? சங்க காலம் என்றால் யானையும் சேர்த்துத் திரும்ப வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972 என்றால், அதற்குள் பெரும்பாலான இழப்பு நடந்து முடிந்திருந்தது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் 1995-இல் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து குறைந்ததை மட்டுமே இழப்பாக எண்ணுகிறது. அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த நிலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இதை 'நகரும் அளவுகோல்' என்று அழைப்போம். தாத்தாவுக்குக் கடமான் மந்தை இயல்பு. அப்பாவுக்கு எப்போதாவது தட்டுப்படும் ஒற்றைக் கடமான் இயல்பு. மகனுக்குக் காடென்றால் குரங்கும் காட்டுப்பன்றியும். மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

அதனால் பழைய சான்றுகளை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். இந்த மண்ணும் மழையும் எதையெல்லாம் தாங்கியிருக்கின்றன என்பதை அவை சொல்கின்றன. இன்றைய சாலையையும் மரவள்ளித் தோட்டத்தையும் பள்ளிக்கூடத்தையும் வைத்துக்கொண்டு எதைத் தாங்கும் என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

வெறுங்காடு

மரம் நிற்கிறது, விலங்கு இல்லை. இந்த நிலைக்கு அமெரிக்கச் சூழலியலாளர் கென்ட் ரெட்ஃபோர்டு 1992-இல் ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் வெறுங்காடு எனலாம். செயற்கைக்கோள் படத்தில் அது பச்சையாகத் தெரியும். வனப்பரப்புப் புள்ளிவிவரத்தில் குறையே இருக்காது. உள்ளே நடந்தால் குளம்புத் தடம் இருக்காது, புழுக்கை இருக்காது, கடித்த கிளை இருக்காது.

காடு அப்படி ஆவதற்குக் கோடரி தேவையில்லை. வண்டியின் பிரேக் கம்பியை வளைத்துச் செய்த ஒரு சுருக்கு போதும். நாட்டுத் துப்பாக்கி, மாவுருண்டைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய், கள்ள மின்வேலி என்று கருவிகள் பல. ஆனால் மிகக் கொடியது சுருக்குதான். அதற்குச் செலவில்லை, சத்தமில்லை, தூக்கமில்லை. வைத்தவன் மறந்துவிட்டாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். பன்றிக்கு வைத்ததில் மானும் விழும், சிறுத்தையும் விழும்.

இதோடு உண்ணிச்செடி. பூ அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தப் புதர், தென்னிந்திய இலையுதிர் காடுகளின் அடித்தளத்தை மூடிக்கொண்டுவிட்டது. புல் வளர வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. புல் இல்லாத இடத்தில் புள்ளிமான் நிற்காது. கோடையில் தண்ணீர் தேடி அடிவாரத்துக்கு இறங்கும் மானைத் தெருநாய்கள் கடித்துக் கொல்வது வட தமிழ்நாட்டு மலையோர ஊர்களில் ஆண்டுதோறும் கேள்விப்படும் செய்தி.

இரை குறைந்தால் இரைகொல்லி தானாகக் குறையும். பிற விலங்கைக் கொன்று தின்று வாழும் விலங்கை இரைகொல்லி என்று இங்கே குறிப்பிடுகிறேன். கடைசிப் புலியை யார் சுட்டார் என்று தேடுவதில் நமக்கு ஆர்வம் அதிகம். அதற்கு முன்பே, அது தின்னவிருந்த மானை ஆயிரம் பேர் தின்றுவிட்டார்கள் என்பதுதான் பெரிய கதை.

ஒரு புலிக்கு எத்தனை மான்?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வளர்ந்த ஒரு புலி வாரத்துக்கு ஒரு பெரிய விலங்கைக் கொல்லும். புள்ளிமான் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஆண்டுக்கு 50 என்று வைத்துக்கொள்ளலாம். உல்லாஸ் காரந்த் போன்ற புலி ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் எண் இது.

அப்படியானால் ஒரு புலிக்கு 50 மான் இருந்தால் போதுமா? போதாது. அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. மான்கள் ஆண்டுதோறும் குட்டி போடுகின்றன. நோய், வறட்சி, முதுமை, சிறுத்தை, செந்நாய் என்று பல வழிகளில் சாகின்றன. இதையெல்லாம் தாண்டி, மந்தை குறையாமல் புலி எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் குடும்பம் நடத்துவது போன்ற ஏற்பாடு. 50 என்பது வட்டி என்றால் முதல் 500. ஒரு புலிக்குப் பின்னால் 500 குளம்புக்கால் விலங்குகள் உயிரோடு நின்றாக வேண்டும். புள்ளிமான், கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி, கேளையாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்த எண்.

ஒரு புலியை விட்டால் அது காட்சிப்பொருள். இரண்டை விட்டால் அவற்றின் பேரப்பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இணைசேர வேண்டிவரும். ஒரு புலிக்கூட்டம் தன் காலில் நிற்க, குட்டி ஈனும் பெண்புலிகள் இருபதாவது வேண்டும் என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல். அதற்கு மனிதத் தொந்தரவில்லாத காடு 800 முதல் 1,200 சதுர கிலோமீட்டர் தேவை. இருபது பெண்களோடு எட்டு ஆண்புலிகளைச் சேர்த்து 28 என்று கொள்வோம். 28-ஐ 500-ஆல் பெருக்கினால் 14,000.

கல்வராயனின் 1,095 சதுர கிலோமீட்டரில் அந்த 14,000-ஐப் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு 13 விலங்குகள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தப் பரப்பில் ஊர்களும் வயல்களும் சாலைகளும் இருக்கின்றன. கணக்குக்காகப் பாதி, அதாவது 550 சதுர கிலோமீட்டர், விலங்குக்கு உகந்த காடு என்று வைத்துக்கொள்வோம். இப்போது சதுர கிலோமீட்டருக்கு 25 விலங்குகள் வேண்டும்.

அது இயற்கையில் முடியாத எண் அல்ல. 1980-களில் நாகரஹொளெ காட்டில் காரந்த் குழுவினர் எண்ணியபோது, புள்ளிமான் மட்டுமே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 இருந்தது. அங்கே மழையும் புல்லும் அதிகம். பாதுகாப்பும் பல ஆண்டுகள் நடந்திருந்தது. கல்வராயன் அதில் பாதியை எட்டினால் போதும்.

எட்ட எத்தனை ஆண்டு ஆகும்? இன்று சதுர கிலோமீட்டருக்கு 2 விலங்கு இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். மொத்தம் 1,100. ஆண்டுக்கு 15 விழுக்காடு பெருகினால் 14,000-ஐத் தொட ஏறத்தாழ 18 ஆண்டு ஆகும். 10 விழுக்காடு என்றால் 27 ஆண்டு. இப்போது அந்தப் பத்தில் 5 விழுக்காட்டைச் சுருக்கும் துப்பாக்கியும் கொண்டுபோவதாக வையுங்கள். மீதம் 5 விழுக்காடு. 27 ஆண்டு 52 ஆண்டாகிவிடும். பத்து விழுக்காட்டையும் கொண்டுபோனால், எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் 1,100 விலங்கு 1,100-ஆகவே நிற்கும்.

இந்தக் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இவ்வளவு கணக்கும். புலி எப்போது வரலாம் என்பதை முடிவுசெய்வது புலியைப் பிடிக்கும் கூண்டோ ஹெலிகாப்டரோ அல்ல. நூறு மானுக்கு ஐந்து மான் சுருக்கில் விழுவதும் விழாததும்தான்.

கொண்டுவந்து விட்ட இடங்கள்

ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004 வாக்கில் கள்ளவேட்டையால் புலி முற்றிலும் அழிந்தது. 2008 ஜூனில் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் 2009-இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதே ஆண்டு பிற காடுகளிலிருந்து புலிகள் வந்தன. பெஞ்ச் காட்டிலிருந்து வந்த ஆண்புலி, விட்ட சில நாளில் தன் பழைய காட்டின் திசையிலேயே நடக்கத் தொடங்கி, மறுபடியும் பிடித்துக் கொண்டுவரப்பட்டது. அதன் வழிவந்தவை பல இன்று பன்னாவில் உலவுகின்றன. மொத்தம் ஐம்பதுக்கு மேல். இந்த இரண்டு காடுகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. புலி போயிருந்தது, மான் போகவில்லை.

ஒடிசாவின் சத்கோசியா இதற்கு நேர்மாறு. 2018-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து மகாவீர் என்ற ஆணும் சுந்தரி என்ற பெண்ணும் வந்தன. இரை குறைவான காடு, ஊர்கள் நிறைந்த காடு. சுற்றுவட்டார மக்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தார்கள். சில மாதத்தில் மனிதர்களைக் கொன்றதாகக் குற்றம் சுமத்தப்பட்டுச் சுந்தரி பிடிக்கப்பட்டது. நவம்பரில் மகாவீர் செத்துக் கிடந்தது. 2021-இல் சுந்தரி கூண்டில் மத்தியப் பிரதேசத்துக்கே திரும்பியது. கல்வராயனைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் பன்னாவைவிடச் சத்கோசியாதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சிவிங்கிப்புலியின் கதை இன்னும் பெரியது. நம் பகுதிக்கும் அதில் தொடர்பு உண்டு. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ், அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்தில் அதைக் கண்டதாக ஒரு குறிப்பை அச்சிட்டது. எழுபது ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்தன. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. ஆனால் குனோவில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்களை வெளியேற்றியது சிவிங்கிப்புலிக்காக அல்ல, கீர் சிங்கத்துக்காக. உச்சநீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டும் சிங்கம் வரவில்லை. ஒரு விலங்குக்காக நிலத்தைக் கொடுத்த மக்கள் வேறொரு விலங்கை அங்கே பார்க்கிறார்கள். மீட்பைப் பற்றிய விவாதத்தில் அறிவியல் ஒரு பாதிதான். கொடுத்த வாக்கைக் காப்பது மறுபாதி.

நடந்தே வந்தவை

தமிழ்நாட்டிலேயே வேறொரு வழி நடந்திருக்கிறது. சத்தியமங்கலம் காடு வீரப்பன் காலத்தில் யாரும் எட்டிப்பார்க்காத இடம். 2004-இல் அந்தக் காலம் முடிந்தது. 2008-இல் சரணாலயமானது, 2013-இல் புலிகள் காப்பகமானது. பத்தாண்டுக்குள் புலிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானதற்காக 2022-இல் டிஎக்ஸ்2 என்ற பன்னாட்டு விருதையும் பெற்றது. அங்கே ஒரு புலியைக்கூட லாரியில் ஏற்றி வந்து இறக்கவில்லை. பந்திப்பூர், முதுமலை, பிலிகிரி ரங்கன் மலை மூன்றும் ஒட்டியே இருந்தன. இரை பெருகியது, புலியும் நடந்து வந்து தங்கிப் பெருகியது.

கல்வராயனுக்கு அப்படி நடந்து வர முடியுமா? புலிக்குக் கால் வலு உண்டு. மகாராஷ்டிரத்தின் திப்பேஷ்வரிலிருந்து 2019-இல் கிளம்பிய ஓர் இளம் ஆண்புலி, கழுத்துப் பட்டையின் தடப்படி 1,300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஞானகங்கா சரணாலயத்தை அடைந்தது. ஆனால் இப்படி நெடுந்தூரம் போவது பெரும்பாலும் இளம் ஆண்கள். பெண்புலிகள் பிறந்த இடத்துக்கு அருகிலேயே தங்கும். காவிரிக் கரைக் காடுகளிலிருந்து கல்வராயனுக்கு வர, கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐத் தாண்ட வேண்டும். பிறகு சேர்வராயன், சித்தேரி மலைகள் வழியாக இடையிடையே ஊர்களைக் கடக்க வேண்டும். ஓர் ஆண்புலி ஒருநாள் வந்து நிற்கலாம். குடும்பம் வருவது அரிது.

யானைகள் வந்தன. 1980-களில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைகள் சித்தூர் மாவட்டத்தை அடைந்தன. அவற்றுக்காக அங்கே கௌண்டின்யா சரணாலயமே உருவானது. நம் பக்கமும் ஒரு கூட்டம் வந்தது. 2013-இல், கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தபோது, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்ட ஊர்களில் ஆறு யானைகள் திரிந்தன. கரும்பும் நெல்லும் போயின, மக்கள் அஞ்சினார்கள். 'ஆபரேஷன் மலை' என்று பெயரிட்டு, மயக்க ஊசி போட்டு, பழக்கிய கும்கி யானைகளை வைத்து வனத்துறை அவற்றைப் பிடித்தது. விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு வழியில்லை. விலங்கின் பக்கம் நின்று பார்த்தால், அவற்றின் மூதாதையர் நடந்த நிலத்தில் அவற்றுக்கு இடம் இல்லை என்று ஆறு லாரிகள் சொன்னன. கல்வராயனில் பெரிய விலங்கை மீட்பது பற்றிப் பேசும் எவரும் 2013-ஐத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

பன்றித் தொல்லைக்குப் புலி மருந்தா?

மரவள்ளி போட்டவர்கள் கேட்பது இதுதான். இரவோடு இரவாகக் கிழங்கைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைப் புலி அடக்காதா? தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதி கொடுத்தது. தொல்லை எவ்வளவு என்பதற்கு அந்த ஆணையே சாட்சி.

புலி பன்றியைத் தின்னும். ஆனால் கடமானும் காட்டுமாடும் கிடைத்தால் அவற்றையே பெரிதும் நாடும். சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள விவசாயிகளும் பன்றியைப் பற்றி முறையிடத்தான் செய்கிறார்கள். இரைகொல்லியைக் கொண்டுவந்தால் எல்லாம் சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். 1926-இல் அங்கே கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்டன. 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் வந்தன. எல்க் மான் குறைந்தது, ஆற்றங்கரைச் செடி தழைத்தது, ஆறே மாறியது என்று கதை பரவியது. மான் குறைந்ததில் கரடிக்கும் வேட்டைக்கும் வறட்சிக்கும் பங்குண்டு என்றும், செடிகள் எல்லா இடத்திலும் திரும்பவில்லை என்றும் பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. எழுபது ஆண்டு இல்லாமலிருந்த ஒன்று திரும்பி வரும்போது, காடும் பழைய காடாக இருப்பதில்லை.

ஆகவே பன்றிக்கு மருந்து என்று சொல்லிப் புலியை விற்பது நேர்மையல்ல. வந்த பிறகு பன்றி குறையாவிட்டால், ஏமாற்றப்பட்டவர்கள் முதலில் செய்வது புலி தின்ற மாட்டின் மிச்சத்தில் விஷம் கலப்பதுதான்.

மலையில் இருப்பவர்களின் சொல்

கல்வராயனின் மலையாளிகள் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசு அந்த மலையைத் தன் கையில் எடுத்தது. சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் தேனும் புளியும் எடுத்து வாழும் அந்த மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நிலத்தின் மீதும் காட்டு விளைபொருள் மீதும் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை ஊர் ஊராக எழுதிக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காப்பகம் என்ற சொல்லை எடுத்தால், அவர்கள் காதில் அது வெளியேற்றம் என்றே விழும். அப்படி விழுவதில் தவறில்லை. குனோவின் வரலாறு இருக்கிறதே.

சுருக்கு எங்கே வைக்கப்படுகிறது, கடமான் எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கிறது, உண்ணிச்செடி எந்தப் புல்வெளியை எப்போது மூடியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, நிரந்தரச் சம்பளத்தோடு, போக வேண்டும். சிறுத்தை ஆட்டை அடித்தால் இழப்பீடு அந்த மாதமே வர வேண்டும். இதைச் செய்ய முடியாத நிர்வாகம் புலியைக் கேட்பதற்கு உரிமை இல்லாதது.

என் தீர்ப்பு இது. கல்வராயனுக்குப் புலியைக் கொண்டுவந்து விடக் கூடாது. இன்றும் கூடாது, அடுத்த இருபது ஆண்டிலும் கூடாது. செய்ய வேண்டியது மானுக்கான வேலை: சுருக்கு அகற்றுதல், உண்ணிச்செடி களைதல், கோடைத் தண்ணீர், ஆண்டுதோறும் ஒரே முறையில் இரை விலங்குக் கணக்கெடுப்பு. மந்தை தானாகப் பெருகாத இடத்தில் வெளியிலிருந்து இரை விலங்குகளைக் கொண்டுவரலாம். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 1990-களில் அற்றுப்போன காட்டுமாட்டை 2011, 2012-இல் கான்ஹாவிலிருந்து ஐம்பது உருப்படிகளைக் கொண்டுவந்து மீட்டிருக்கிறார்கள். இன்று அங்கே அது மந்தையாகப் பெருகி நிற்கிறது. இதற்கு ஆகும் செலவு புலித் திட்டத்தின் செலவில் சிறு பங்கு, எதிர்ப்பும் குறைவு. சித்தேரிக்கும் சேர்வராயனுக்கும் இடையில் மிஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளை இப்போதே காப்பதும், நெடுஞ்சாலை அகலும்போது விலங்குக்குக் கீழ்ப்பாலம் கேட்பதும் இதே வேலையின் பகுதிகள். அவற்றை ஒருமுறை இழந்தால், மான் பெருகிய பிறகும் எந்த இரைகொல்லியும் நடந்து வர முடியாது.